ஷோரூம் மூடிவிட்டது; என் வண்டிக்கு இனி யார் பொறுப்பு?

கோரிமேட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற செவ்வாய்க்கிழமை கிளட்ச் கேபிள் வாங்கப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது என்று கால் மணி நேரம் நின்றேன். எதிரில் இளநீர் வெட்டும் அம்மாதான் சொன்னார்: "யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்? ஆயுத பூஜை முடிந்ததுமே பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்." அண்ணாந்து பார்த்தேன். பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

சேலத்தில் அந்த ஒரு கடைக்காக இழை தொடங்குவானேன் என்று கேட்கலாம். ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் போகும் வழியில் நான் கல்லூரி படித்தபோது பார்த்த இருசக்கர வண்டி ஷோரூம்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்று இப்போது கைப்பேசிக் கடை. ஒன்றில் மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். இன்னொன்று கார் நிறுத்துமிடம். புதிய ஷோரூம்கள் இல்லாமலில்லை. கண்ணாடியும் குளிர்சாதனமுமாகப் பளபளக்கின்றன. ஆனால் உள்ளே நுழைந்தால் முதல் கேள்வி "கைப்பேசி எண் சொல்லுங்கள் சார்" என்பதுதான்.

மூடிய கடையில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். 1998இல் அப்பா எனக்கு ஸ்பிளெண்டர் வாங்கித் தந்த அன்று, சாவியைக் கொடுக்கும் முன் அவர் கேட்டது: "வீடு எந்தப் பக்கம்? மலைக்கு எத்தனை முறை போவாய்?" மாதம் நான்கு முறை, மாமா வீடு ஏற்காட்டில் என்றேன். பின் பிரேக் ஷூவை மற்றவர்களுக்குச் சொல்லும் கணக்கில் பாதியிலேயே வந்து காட்டிவிடச் சொன்னார். இறங்கும்போது இரண்டாம் கியர், கிளட்சைப் பிடிக்கவே கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். அப்பா தறி ஓட்டியவர். சம்பளச் சீட்டு கிடையாது. வங்கியில் தலையை ஆட்டிவிட்டார்கள். கடை முதலாளிதான் மூன்று தவணையாகக் கட்டச் சொல்லி வண்டியைக் கொடுத்தார்.

ஏன் இந்தக் கடைகள் போகின்றன? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கொலுசுப் பட்டறை

கோரிமேட்டு நண்பரே, உங்கள் ஃபோர்மேன் நல்லவராக இருக்கலாம். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

2016இல் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அட்டையில் போட்டிருந்த விலை ஒன்று, கடைசியில் கேட்டது ஒன்று. நடுவில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு வரி. என்ன ஐயா கையாண்டீர்கள் என்று கேட்டால், லாரியிலிருந்து இறக்கினோமே என்கிறார். லாரியிலிருந்து இறக்காமல் வண்டியை எப்படி விற்பார்? இன்சூரன்ஸ் அவர்களிடம்தான் எடுக்க வேண்டும். லெக் கார்டு, சீட் கவர், புடவைக் கம்பி எல்லாம் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது, கழற்ற முடியாது. வேண்டாம் என்று சொன்னதற்குத் தண்டனையாக மூன்று வாரம் "வண்டி வரவில்லை". பக்கத்து வீட்டுக்காரர் அதே நிறத்தை நான்கே நாளில் ஓட்டிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக் கொலுசு விற்கிறவன் நான். சேதாரம், கூலி என்று நாங்களும் வாங்குகிறோம். ஆனால் எடை போட்டுக் கண்ணெதிரே காட்டுகிறோம். இன்று விலை கைப்பேசியில் தெரிந்துவிடுகிறது, அவர்களுக்குக் கடை நடத்த முடியவில்லை. இதில் என்ன ஆச்சரியம்?

---

மின்வண்டி மைந்தன்

கொலுசு அண்ணன் சொன்னது சரி. நான் மின்வண்டியை இணையத்தில் பதிவு செய்து வாங்கினேன். கண்ணங்குறிச்சியில் வீட்டு வாசலுக்கே வந்தது. பேரம் இல்லை, லெக் கார்டு இல்லை, யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்வண்டி தயாராகிறது. இரண்டு மூன்று மணி நேரத்துத் தொலைவு. நடுவில் ஒருவர் எதற்கு?

---

பழைய காசாளர்

உள்ளே இருந்து பார்த்தவர் யாராவது என்று கேட்டதால் எழுதுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு ஷோரூமில் கணக்குப் பார்த்தேன். மேலே சொன்ன கடை அல்ல, ஆனால் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் முதலாளி மைசூரில் தயாரான யெஸ்டியை விற்றுத் தொழிலைத் தொடங்கியவர். 1996இல் அந்த ஆலை நின்றது. வேறு கம்பெனிக்கு மாறினோம். நூறு சிசி வண்டிகளின் பொற்காலம் அது. வண்டி வருவதற்கு முன்பே முன்பணம் வந்துவிடும். அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள்தான் டீலர் என்றால் பணக்காரர் என்று இன்னும் நினைக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிடங்கில் நூறு வண்டி நிற்கிறது என்று வையுங்கள். ஒன்று 75,000 ரூபாய் என்றால் 75 லட்சம். கம்பெனிக்குப் பணம் போன பிறகுதான் வண்டி வரும். அந்தப் பணத்தை வங்கி தருகிறது. ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி என்றால் மாதம் 62,500 ரூபாய். வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும். இதற்கு மேல் சம்பளம், மின்சாரம், வாடகை. ஒரு வண்டியில் நிற்கும் கமிஷன் மிகச் சொற்பம். அதில் பாதியை வாடிக்கையாளர் தள்ளுபடியாகக் கேட்பார், கொடுக்காவிட்டால் அடுத்த கடை கொடுக்கும். கொலுசுக்காரர் கோபப்படும் அந்த "ஹேண்ட்லிங்" வரி இப்படித்தான் பிறந்தது. நியாயம் என்று சொல்ல வரவில்லை. நானே அந்த ரசீதை எழுதியவன். எழுதும்போது தலையை நிமிர்த்தியதில்லை.

மாதக் கடைசியில் ஒரு கூத்து நடக்கும். 28, 29ஆம் தேதி இரவில் லாரி வந்து நிற்கும். நாங்கள் கேட்காத நிறம், கேட்காத ரகம். எங்களுக்கு அனுப்பியவுடனேயே கம்பெனியின் கணக்கில் அது விற்பனை. எங்கள் கணக்கில் அது வட்டி. ஆடி மாதம் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பது சேலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் கொஞ்சம் அசையும். வெளியூரில் உட்கார்ந்து இலக்கு போடுகிறவர்களுக்கு ஆடி என்றால் ஜூலை, ஆகஸ்ட்.

பிறகு அடிமேல் அடி. 2017 மார்ச் 29, புதன்கிழமை. ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 என்ற பழைய புகை விதிப்படி தயாரான வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுவதும் சுமார் 6.7 லட்சம் இருசக்கர வண்டிகள் விற்காமல் நின்றன. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் கடையில் ரேஷன் கடை வரிசை. வந்த விலைக்குத் தள்ளினோம். 2018 செப்டம்பரில், புதிய வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றானது. 720 ரூபாய் கட்டிய நூறு சிசி வண்டிக்காரர் ஒரேயடியாக 3,285 எடுத்து வைக்க வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச் 31, பி.எஸ். 4 வண்டிகளுக்குக் கடைசி நாள். ஆனால் 25ஆம் தேதியே ஊரடங்கு. பூட்டிய கடைக்குள் வண்டிகள், பூட்டுக்கு வெளியே நாங்கள்.

2018-19இல் நாட்டில் 2.11 கோடி இருசக்கர வண்டிகள் போயின. 2021-22இல் 1.35 கோடி. 2024-25இல் மறுபடி 1.96 கோடிக்கு ஏறிவிட்டது. ஆகவே வண்டி விற்கவில்லை என்பது காரணமே அல்ல. அந்தப் பள்ளத்தைத் தாண்டப் பெரிய கைகளால் முடிந்தது. நான்கைந்து ஊர்களில் கிளை வைத்திருப்பவர் ஒரு கிளை நஷ்டத்தை இன்னொன்றில் சரிக்கட்டினார். ஒற்றைக் கடைக்காரருக்கு அந்த வசதி ஏது?

கடைசியாக ஒன்று. இடம் சொந்தமாக இருந்தால் கடை பிழைக்கும் என்பார்கள். எங்களுக்கு நேர்மாறு. முதலாளியின் மகன் ஒரு நாள் காகிதத்தை எடுத்து, முன்பக்கத்தை ஒரு துணிக்கடைக்கு வாடகைக்கு விட்டால் மாதம் எவ்வளவு வரும் என்று எழுதினார். பக்கத்தில் என் லாபக் கணக்கை வைத்தார். இரண்டையும் பார்த்துவிட்டு நான்தான் முதலில் பேனாவை மூடினேன்.

---

கோரிமேட்டுக்காரன்

ஐயா, இதைப் படித்து முடித்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தேன். எங்கள் கடையும் சொந்த இடம்தான்.

---

மிளகுக்கொடி

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் எங்களுடையது. "நடுவில் ஒருவர் எதற்கு" என்று கேட்ட தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

நானும் சென்ற ஆண்டு மின்வண்டி வாங்கினேன். இணையத்தில்தான். இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, நூறு சதவீதம் நிறைந்ததும் காலையில் சேலத்துக்கு இறங்குவேன். சமதளத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி தானாகவே பிடித்து நிற்குமே, அந்தப் பிடிப்பு மலையில் இறங்கும்போது வரவே இல்லை. பிரேக்கை மட்டும் நம்பி இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் பிரேக் சூடாகி ஒரு வாசனை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, குரங்குகளோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஏற்காடு என்பது மலை என்பதே அவருக்குத் தெரியவில்லை. அருகிலுள்ள சேவை மையத்துக்கு வண்டியை "ஓட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்!

வண்டியில் குறையே இல்லை என்று பிறகு தெரிந்தது. பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு உள்ளே இடம் கிடையாது. அதனால் அந்தப் பிடிப்பு வேலை செய்யாது. ஒரு வரிச் செய்தி. அந்த ஃபோர்மேன் "மலைக்கு எத்தனை முறை போவாய்" என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

---

மின்வண்டி மைந்தன்

அக்கா, மன்னிக்கவும். படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் ஆளுமாக 200 கிலோ, இறக்கம் சுமார் 1,200 மீட்டர் என்றால் வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 0.65 யூனிட். காற்றும் சாலையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 3 யூனிட் பேட்டரி என்றால் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட்டு இறங்குங்கள். கீழே வரும்போது கொஞ்சம் ஏறியே இருக்கும்.

இதை நான் வாங்கும்போது எனக்கும் யாரும் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணங்குறிச்சியில் மலை இல்லாததால் பிழைத்தேன்.

---

கொலுசுப் பட்டறை

சரி, ஒரு ஃபோர்மேன் சொல்லியிருப்பார். நான் வண்டி எடுத்த கடையில் இருந்தவரோ ஆயில் மாற்றாமலே மாற்றியதாக எழுதினார். எல்லாரையும் அந்த ஒருவர் தட்டில் வைத்து எடை போடாதீர்கள்.

---

பட்டறைப் பையன்

அம்மாபேட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன். டீலர் மூடினால் எங்களைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கிறார்கள். கிடையாது.

நாங்கள் அசல் உதிரிபாகம் வாங்குவதே டீலரின் கவுன்ட்டரில்தான். பழைய கடைகளில் அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவரிடம் வண்டியின் பெயரைச் சொன்னால் போதும், எண்ணைப் பார்க்காமலே கையை அலமாரிக்குள் விடுவார். பத்து ஆண்டுப் பழைய வண்டியின் வாஷர் கூட எங்கேயோ ஒரு டப்பாவில் இருக்கும். இப்போது கணினி "இருப்பில் இல்லை" என்றால் இல்லை. ஆர்டர் போட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை வண்டி என் வாசலில் நிற்கும், வண்டிக்காரர் என்னைத்தான் திட்டுவார்.

இன்னொன்று, 2020க்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, எஃப்.ஐ., அதாவது மின்னணுக் கருவி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. முன்பெல்லாம் மலைக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்தால் காற்றுத் திருகைக் கொஞ்சம் திறந்து விடுவோம், மேலே காற்று மெலிவு. அதை இப்போது சென்சாரே பார்த்துக்கொள்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தச் சென்சார் மக்கர் செய்தால், மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். அதைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். கம்பெனிக்கு ஒரு ஸ்கேனர் என்று நான் எத்தனை வாங்குவது? பொதுவாக எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் ஒன்றை வாங்கினேன், பாதி வண்டிகளோடு பேசவே மாட்டேன் என்கிறது. ஆக டீலரிடம்தான் அனுப்ப வேண்டும். அந்த டீலரும் இல்லை என்றால்?

இரண்டு ஸ்ட்ரோக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டிய வண்டிகளில் மலை இறங்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மூடினால் ஆயிலும் போகாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்க வேண்டும் என்று என் குரு சொல்லிக் கொடுத்தார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு டீலரின் ஃபோர்மேன். (இழைக்குச் சம்பந்தமில்லைதான். நினைவுக்கு வந்தது.)

---

வாழப்பாடி துணை

நான் டீலர் அல்ல, துணை டீலர். பெயரில் டீலர் இருப்பதால் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சேலத்துப் பெரிய டீலரிடமிருந்து வண்டியை வாங்கி வாழப்பாடியில் விற்கிறேன். அவருக்கே சொற்பம் என்று காசாளர் ஐயா எழுதியிருக்கிறார். அதிலிருந்து எனக்குக் கிள்ளிக் கொடுப்பது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கம்பெனியின் புத்தகத்தில் என் பெயரே கிடையாது. பெரியவர் மூடினால் மறுநாள் நானும் மூட வேண்டும், எனக்கு ஒரு கடிதம்கூட வராது. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையப் போகிறது என்று அறிவித்தார்கள். 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 28 சதவீதம் 18 ஆனது செப்டம்பர் 22 முதல். நல்ல செய்திதான், மறுக்கவில்லை. நடுவில் ஐந்து வாரத்துக்கு மேல் என் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் "எப்போது குறையும்" என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போனார்கள். டீச் செலவு என்னுடையது.

ஆனாலும் நான் மூடவில்லை. ஏன் என்றால் மரவள்ளிக்கிழங்கு விற்ற பணத்தை மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு வரும் விவசாயி இணையத்தில் வண்டி வாங்க மாட்டார். வண்டியைச் சுற்றி மூன்று முறை நடப்பார், டயரை அமுக்குவார், மகனை உட்கார வைத்துப் பார்ப்பார், மறுநாள் மனைவியை அழைத்து வருவார். நல்ல நாள் பார்த்து எலுமிச்சம்பழத்தை அவரே கொண்டு வருவார். வண்டி நின்றுவிட்டால் என் வீட்டுக்கு வந்து கூப்பிடுவார், இரவு பத்து மணியானாலும். இதற்கெல்லாம் யார் கமிஷன் தருகிறார்கள்?

---

பழைய காசாளர்

வாழப்பாடித் தம்பி சொன்ன "கடிதம்கூட வராது" என்பது பெரிய டீலருக்கும் பொருந்தும்.

2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் இந்தியாவில் தன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கோடிக்கணக்கில் முதல் போட்ட 35 டீலர்களும், அங்கே வேலை பார்த்த ஏறக்குறைய இரண்டாயிரம் பேரும் என்ன ஆவார்கள் என்று டீலர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாடா அப்போது கேட்டது. அடுத்த மாதமே ஹீரோவோடு ஒப்பந்தம் போட்டு அந்த வண்டி வேறு வழியில் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த வண்டி பிறந்த அமெரிக்காவில், உற்பத்தியாளர் கார் டீலரை நினைத்தபடி கைவிட முடியாதபடி 1956லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. பல மாநிலங்களில் தனிச் சட்டங்களும் உண்டு. இங்கே அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று ஃபாடா நெடுநாளாகக் கேட்கிறது. நம்மூரில் டீலரிடம் இருப்பது ஓர் ஒப்பந்தக் காகிதம். அதில் எல்லாப் பக்கமும் கம்பெனி எழுதியது, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் நம்முடையது.

---

கொலுசுப் பட்டறை

காசாளரே, ஒப்பந்தக் காகிதத்தைப் பற்றி நீங்கள் சொல்வதைத்தான் உங்கள் கடை ரசீதைப் பற்றி நான் சொன்னேன்.

---

பழைய காசாளர்

தெரிகிறது. மேலிருந்து எங்களை அமுக்கினார்கள், நாங்கள் உங்களை அமுக்கினோம். நீங்கள் எழுந்து போனீர்கள். எங்களால் எழுந்து போக முடியவில்லை.

---

கொலுசுப் பட்டறை

இதற்குப் பதில் எழுதி இரண்டு முறை அழித்தேன். விடுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள்.

---

நெறியாளர்

நடுவில் வந்த "எந்த வண்டி நல்ல மைலேஜ் தரும்" என்ற நான்கு பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். கடைகளின் பெயரைக் கேட்டு யாரும் தனிச் செய்தி அனுப்ப வேண்டாம்.

---

கோரிமேட்டுக்காரன்

பட்டறைத் தம்பி தனிச் செய்தியில் துப்புக் கொடுத்தார். எங்கள் ஃபோர்மேன் இப்போது சேலம் குகைப் பகுதியில், ஒரு சந்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்க்கிறார். பலகை கிடையாது. சனிக்கிழமை போனேன். நிமிர்ந்து பார்த்தார். என் பெயர் அவருக்கு வரவில்லை. வண்டியின் எண்ணைச் சரியாகச் சொன்னார்.

கடை மூடியதைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவருக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. மகன் வேலைக்குப் போய்விட்டான், எனக்கும் பொழுது போக வேண்டுமே என்றார். கடைசி இரண்டு ஆண்டுகள் அங்கே தனக்கு இருந்த வேலை, வண்டியைப் பார்ப்பது குறைவு, ஒவ்வொரு வண்டிக்கும் கணினியில் பதினெட்டுக் கட்டங்களை நிரப்புவது அதிகம் என்றார். வாடிக்கையாளர் பத்துக்குப் பத்து மதிப்பெண் போடாவிட்டால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்களாம். "ஒன்பது போட்டால்கூட?" என்று கேட்டேன். சிரித்தார்.

மிளகுக்கொடி அக்காவின் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பேட்டரி நிறைந்திருந்தால் பிடிக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பழைய ரசீதின் பின்பக்கத்தில் "80" என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கிளட்ச் கேபிள் மட்டும் அவரிடம் இல்லை. வாழப்பாடியில் ஒருவர் பழைய சரக்கு வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள் என்றார்.

---

வாழப்பாடி துணை

அது நானாகத்தான் இருக்கும். கேபிள் இரண்டு கிடக்கிறது, ஒன்றை உங்களுக்கு எடுத்து வைத்துவிட்டேன். விலை பழைய விலைதான், உறையிலேயே அச்சடித்திருக்கிறது. இரண்டு மணியிலிருந்து மூன்று வரை வராதீர்கள், சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவேன்.